பக்கத்துக் கட்டிலில் குறட்டை

குளிர்காலத்தில் வடக்கே யாத்திரை போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே ராத்திரி ஃபேன் ஓடாது.

நம் ஊரில் மார்கழியில்கூட கொசுவுக்குப் பயந்து ஃபேனை ஒன்றில் வைத்து, போர்த்திக்கொண்டு படுக்கிற ஜனங்கள் நாம். அந்தச் சத்தம் எத்தனை சத்தங்களை மூடி வைத்திருக்கிறது என்பது அது நின்றால்தான் தெரியும். ஜனவரியில் காசி. ஹனுமான் காட் பக்கம் ஒரு லாட்ஜ். ஜன்னலை இறுகச் சாத்தி, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு, லைட்டை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் டீச்சரின் குறட்டை.

டீச்சர் எனக்கு முன்பின் தெரியாதவர். தனியாக வரும் பெண்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஓர் அறையில் போடுவது டூர்காரர்களின் வழக்கம். நான் டெலிபோன்ஸில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாகத்தான் இருக்கிறார். சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி எனக்கு எதிர் பெர்த்தில்தான் படுத்திருந்தார். ரயில் ஓடுகிற சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெர்த் கீழே வேண்டுமா, சர்க்கரை உண்டா, பூண்டு வெங்காயம் சேர்ப்பீர்களா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட டூர்காரர், ஓர் அறையில் இரண்டு பேரைப் படுக்கவைக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்.

சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். குளிர்காலக் காலையில் செல்ஃப் எடுக்காத லாரியைக் கிளப்ப முயல்வது மாதிரி ஆரம்பிக்கும். நாலு இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. சரி, நின்றுவிட்டது என்று நான் கண்ணை மூடினால் ஒரு பெரிய திணறலோடு மறுபடி ஆரம்பம். ஒரே சீராக வருகிற சத்தத்துக்குக் காது பழகிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் விடாத குறட்டையா? அதைக் கேட்டுக்கொண்டே முப்பது வருஷம் நிம்மதியாகத் தூங்கியவள் நான். எக்ஸ்சேஞ்சில் நைட் டியூட்டிக்கு நடுவே ரெஸ்ட் ரூமில் ஆளாளுக்கு ஒரு சுருதியில் குறட்டை விடுவார்கள், அதிலும் தூங்கியிருக்கிறேன். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற சத்தத்தில்தான் தூக்கம் போய்விடுகிறது. மனசு அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும். காத்திருக்கிறவளுக்கு எங்கே தூக்கம் வரும்?

முதல் ராத்திரியின் பழி முழுவதையும் பக்கத்துக் கட்டில்மேல் போடுவதும் நியாயமில்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. புது இடத்தில் படுக்கிற முதல் ராத்திரி மூளையின் இரண்டு பாதியும் ஒரே ஆழத்தில் தூங்குவதில்லையாம். இடது பாதி கொஞ்சம் லேசாகத் தூங்கி, சத்தத்துக்குக் காது கொடுத்தபடி காவல் இருக்கிறதாம். அடுத்த முறை அதே இடத்தில் படுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். ஆக, லாட்ஜில் முதல் நாள் சரியாகத் தூக்கம் வராதது எல்லோருக்கும் உள்ளதுதான். அன்றைக்குப் பக்கத்தில் குறட்டையும் சேர்ந்துகொண்டால் கதை முடிந்தது.

டீச்சர் விட்டது எத்தனை டெசிபெல் என்று எனக்குத் தெரியாது. ஸ்வீடனில் ஓர் ஆஸ்பத்திரியில் 1993இல் ஒருவர் தூங்கும்போது அளந்தது 93 டெசிபெல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே சுமார் 60தான். அந்த மனிதருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் வியாதி இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையும் அங்கேதான் போய் நிற்கிறது.

நாலு மணிக்குக் கங்கா ஸ்நானத்துக்குக் கதவைத் தட்டினார்கள். டீச்சர் பளிச்சென்று எழுந்து, "நல்லா தூங்கினீங்களா மேடம்?" என்று கேட்டார். "ம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அறிமுகமாகி ரெண்டு நாள் ஆன ஒரு பெரிய மனுஷியிடம், காசியில், பல் துலக்குவதற்கு முன்னால், உங்கள் குறட்டையில் எனக்குத் தூக்கம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அன்று பகல் முழுக்க விசுவநாதர் கோயில் வரிசையில் நின்றபடியே தூங்கினேன். சாயங்காலம் ஒரு மருந்துக் கடையில் காதுக்கு அடைப்பான் கேட்டேன். என் ஹிந்தியைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் பஞ்சு கொடுத்தார். பஞ்சு காதில் வைத்தால் வைத்த திருப்தி இருக்கும். சத்தம் அப்படியே உள்ளே வரும்.

அன்று ராத்திரி நான் ஆச்சரியமாகச் சீக்கிரம் தூங்கிவிட்டேன். நடுநிசிக்கு மேல் ஏதோ நினைவில் விழிப்பு வந்தது. அறையில் குறட்டை இல்லை. பாத்ரூம் கதவு கொஞ்சம் திறந்து, அதன் வெளிச்சத்தில் டீச்சர் நாற்காலியில் ரஜாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார்.

"தூக்கம் வரலையா டீச்சர்?"

"வருது. வந்தா நீங்க எழுந்துடுவீங்களே."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா மகள் கல்யாணத்தில், மண்டபத்து மாடி ஹாலில் பெண்கள் எல்லாரும் வரிசையாகப் படுத்திருந்தபோது, சின்னப் பெண்கள் சிலர் அவர் குறட்டையை போனில் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்களாம். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். "நானும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டேன் மேடம். என்ன செய்யறது?" என்றார். அதற்குப் பிறகு யார் வீட்டிலும் ராத்திரி தங்குவதில்லை. விசேஷம் என்றால் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பிவிடுவார். இந்த டூருக்குக்கூட தனி ரூம் கேட்டிருக்கிறார், எக்ஸ்ட்ரா பணம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். சீசனில் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் ரயில் அலுப்பில் அசந்துவிட்டதாகவும், இனி உட்கார்ந்தே சமாளித்துக்கொள்வதாகவும் சொன்னார். அறுபத்தைந்து வயதுக்கு மேல், காசிக் குளிரில், நாற்காலியில்!

எனக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆண்கள் குறட்டை விட்டால் வீட்டில் அது ஜோக். மாமா வந்தால் இன்று யாருக்கும் தூக்கமில்லை என்று அவர் முகத்துக்கு எதிரேயே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நடு ஹாலில் பாய் விரிப்பார். ஒரு பெண் விட்டால் மட்டும் அது அவலட்சணம். உடம்பு செய்கிற வேலைக்கு இதில் என்ன ஆண், பெண்? தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. மூச்சுப் போகும் வழி குறுகி, மேலண்ணத்தின் பின்பக்கத்து மெல்லிய சதையும் உள்நாக்கும் காற்றில் அதிர்கின்றன. அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. வெட்கத்தால் அவர்கள் வெளியே சொல்வதில்லை. தனியாக வாழ்கிறவர்களுக்குச் சொல்ல ஆளும் இல்லை.

அந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். முதலில் நான் படுப்பேன். எனக்குத் தூக்கம் பிடித்த பிறகுதான் டீச்சர் படுக்க வேண்டும், ஆனால் கண்டிப்பாகப் படுக்க வேண்டும். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். முதுகுப் பக்கம் தலையணையும் சால்வையும் சுருட்டி முட்டுக் கொடுத்தோம், மல்லாக்கப் புரளாமல் இருக்க. வெளிநாட்டில் சட்டை முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைப்பார்களாம், அதே யுக்திதான். சிலருக்கு இதுவே பாதி சத்தத்தைக் குறைத்துவிடும். என் கட்டிலில் நான் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்தேன். சின்ன அறையில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, இருந்தாலும் நேராகக் காதுக்குள் வருவது கொஞ்சம் விலகும். பாத்ரூமில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை விடிய விடிய ஓடவிட்டோம். அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் ஊர் ஃபேன் சத்தம் மாதிரியே இருந்தது. அறைக்குள் ஒரே சீராக ஒரு இரைச்சல் இருந்தால் குறட்டையின் ஏற்ற இறக்கம் அதில் பாதி கரைந்துவிடும். எக்ஸாஸ்ட் இல்லாத அறையாக இருந்தால் போனிலேயே மழைச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் கிடைக்கிறது.

காதடைப்பான் விஷயத்தில் உதவியது எங்கள் குழுவில் வந்த ஒரு ரிட்டயர்டு ஃபாக்டரிக்காரர். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர், பழக்கத்தில் பை நிறைய ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சுக் குமிழ்கள் வைத்திருந்தார். ஒரு ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டு, "அப்படியே சொருகாதீங்கம்மா, எல்லாரும் அதான் பண்றாங்க" என்று செய்து காட்டினார். விரலுக்கு நடுவில் வைத்துக் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போது உள்வழி நேராகும். உருட்டியதைச் சட்டென்று உள்ளே விட்டு, அது உப்பி அடைத்துக்கொள்ளும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் பஞ்சு வைத்ததற்குச் சமம். கவரில் 30 டெசிபெல்லுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது சோதனைக்கூடக் கணக்கு, நாம் வைக்கிற அழகுக்கு அவ்வளவு குறையாது. முழு மௌனமும் வராது. ஆனால் அறைக்குள் நடப்பது அடுத்த அறையில் நடப்பது மாதிரி ஆகிவிடும். அது போதும். விடிகாலைக் கதவுத் தட்டல் கேட்காமல் போய்விடுமோ என்கிற பயத்துக்கு, போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். காதில் சீழ், வலி, ஓட்டை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

குறட்டை விடுகிறவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். ராத்திரி குடித்தால் தசை இன்னும் தளரும், சத்தம் கூடும். ஆண் நண்பர்கள் கூட்டமாகக் கொடைக்கானல் போய் வந்து புலம்புவதில் பாதி இந்த வகை. ஜலதோஷ மாத்திரைகளில் தூக்கம் வரவைப்பவற்றைத் தவிர்க்கலாம். மூக்கடைப்பு இருந்தால் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து விடலாம். மூக்குமேல் ஒட்டுகிற பட்டை மூக்கில் தடை இருப்பவர்களுக்கு மட்டும்தான் உதவும், தொண்டைக் குறட்டைக்கு அது அலங்காரம். மூக்கில் நெய் விடு, தேன் குடி என்று குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டீச்சர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எதையும் செய்யவில்லை.

நான் படித்ததில் விசித்திரமான வைத்தியம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் டிஜெரிடூ என்கிற நீளக் குழல். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் சிலரை அதைத் தினம் ஊதப் பழக்கி சுவிட்சர்லாந்தில் ஆராய்ந்து, பலன் இருப்பதாக 2006இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஊதி ஊதித் தொண்டைத் தசைக்கு வலு வருகிறதாம். 2017இல் அதற்கு இக் நோபல் பரிசு, அதாவது சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற வேடிக்கைப் பரிசு, அதுவும் அமைதிக்கான பிரிவில்! நம் நாதஸ்வர வித்வான்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று அவர்கள் வீட்டுப் பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் தூங்க முடியாதவரின் பிரச்சினை. கயாவுக்குப் போன பிறகுதான் தூங்குகிறவரின் பிரச்சினைக்கு வந்தோம்.

அதற்குள் எங்களுக்குள் கூச்சம் போயிருந்தது. சாப்பிடும்போது நான் சொன்னேன், "டீச்சர், நீங்க சத்தம் போடறதைவிட சத்தம் நிக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு." அவருக்கு அது புதுச் செய்தி. குறட்டை என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். நடுவில் மூச்சு நின்று, அப்புறம் திணறி எடுக்கிறார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வாட்ஸ்அப் பதிவிலும் வேடிக்கையான பாகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்களாம். கணக்கு டீச்சர் அல்லவா, உடனே கேட்டார்: "எத்தனை செகண்டு நிக்குது? எண்ணுனீங்களா?"

எண்ணவில்லை. ஆனால் எண்ணுவது எனக்குப் புதிதில்லை. டிரங்க் கால் காலத்தில் மூணு நிமிஷம், மூணு நிமிஷமாக ஊரார் பேச்சைக் கடிகாரம் பார்த்து அளந்தவள். அன்று ராத்திரி அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு, போன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதி வைத்தேன். பன்னிரண்டு விநாடி. பதினெட்டு. ஒன்பது. இருபதைத் தாண்டி ஒன்று, அதில் நான் எழுந்து அவர் தோளைத் தொடப் போய்விட்டேன். அவர் சம்மதத்தோடு கொஞ்ச நேரம் ஆடியோவும் பதிவு செய்தேன். இந்தப் பதிவு எந்தக் குழுவுக்கும் போகவில்லை, அவர் போனுக்கு மட்டும்தான் போயிற்று.

பத்து விநாடிக்கு மேல் மூச்சு நிற்பதைத்தான் டாக்டர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு டீச்சர் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். பதிவைக் கேட்டுவிட்டு அவர் ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு ராத்திரி உடம்பில் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்து, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பார்க்கிற சோதனை. ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து எத்தனை முறை என்று எண்ணுவார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி. 15 வரை லேசானது, 30க்கு மேல் கடுமையானது. டீச்சருக்கு 30ஐத் தாண்டியிருந்தது. பல வருஷமாகக் காலையில் தலைவலி, மத்தியானம் பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம், மருந்துக்கு அடங்காத பிரஷர். எல்லாவற்றையும் வயசின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்.

தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்த வியாதியைக் கண்டுபிடிக்க டொரன்டோவில் மயக்க மருந்து டாக்டர்கள் 2008இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் அவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். சத்தமாகக் குறட்டை விடுவீர்களா, பகலில் அசதியா, பிரஷர் உண்டா, உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு என்று போகும். அதில் ஒரு கேள்வி: தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? தனியாகத் தூங்குகிறவர் அதற்கு என்ன எழுதுவார்? வருஷத்துக்கு ஒரு முறை டூரில் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவள்தான் அவருக்குச் சாட்சி. அந்தச் சாட்சி மறுநாள் காலையில் 'ம்' என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விடலாம், ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்கலாம், அவரிடமே நேரில் சொல்லவும் செய்யலாம். மூன்றாவதைச் செய்கிறவர்கள் குறைவு. நானே அந்த நாற்காலியைப் பார்க்காவிட்டால் செய்திருப்பேனா தெரியாது.

இப்போது டீச்சரிடம் சிபாப் மிஷின் இருக்கிறது. முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, தொண்டை வழி மூடாமல் பிடித்து வைக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர் 1980இல் வேக்கம் கிளீனர் மோட்டாரை வைத்து இதை முதன்முதலாகச் செய்து பார்த்தாராம், அடுத்த வருஷம் லான்செட் என்கிற மருத்துவ இதழில் எழுதினார். வேக்கம் கிளீனர் பரம்பரை என்றாலும் இன்றைய மிஷின் சத்தம் மெல்லிய மூச்சளவுதான். பழக டீச்சருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. முகமூடி கன்னத்தில் தடம் பதிக்கிறது, வாய் உலர்கிறது என்று இன்னமும் புலம்புகிறார். புலம்பிக்கொண்டே போட்டுக்கொள்கிறார்.

அந்த மிஷினோடு மூணாறுக்குப் போய் வந்தோம். மிஷினைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பஸ் டிக்கியில் போடக் கூடாது. ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். லாட்ஜ்களில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும், அதனால் நீள ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவசியம். ரயில் பெட்டிச் சாக்கெட்டுகள் போன் சார்ஜருக்கானவை, அவற்றை நம்பி இதைச் செருக முடியாது. ரயிலில் அவர் பழையபடி ஒருக்களித்து, சால்வை முட்டோடுதான். நான் ஆரஞ்சுக் குமிழோடு.

தனித்தனி ரூம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று என் மகன் கேட்கிறான். கையில் பணம் இருக்கிறது, இந்த வயசில் இந்தச் சங்கடமெல்லாம் எதற்கு என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? மூணாறில் அந்த ரூம் கீசரில் சிவப்பு எந்தப் பக்கம், நீலம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கவே எங்கள் இருவருக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று. டீச்சர் ஜாக்கெட்டின் பின் ஹூக்கை யார் போடுவது? ஈரப் பாத்ரூமில் வழுக்கினால் யார் கதவைத் தட்டுவது? அதோடு, ராத்திரி மிஷினைப் போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் குழுவில் வந்த ஒவ்வொருவரைப் பற்றியும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. முகமூடி போட்டுவிட்டால் அப்புறம் டீச்சரால் பேச முடியாது. அதனால் அதை மாட்டுவதைத் தினமும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார், நான்தான் அதட்ட வேண்டியிருக்கிறது.